கனவுக்கன்னி என்ற ஒரு சொல் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டி.ஆர். ராஜகுமாரியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘தமிழ்த் திரையின் முதல் கனவுக்கன்னி’ என்று தொடங்கி, ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதர் அவரைப் பார்த்து ‘மன்மத லீலையை’ பாடிய காட்சியோடு முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1944 தீபாவளிக்கு வெளியான அப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது உண்மைதான். அதில் பாகவதரின் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், 1941இல் கே. சுப்ரமணியத்தின் ‘கச்ச தேவயானி’ மூலம் புகழ்பெற்ற இந்தத் தஞ்சாவூர்ப் பெண், ஏழே ஆண்டுகளில் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வைத் தமிழ், இந்தி ஆகிய இரு மொழிகளிலும் நாயகியாகத் தாங்கி நின்றார். முரசு நடனத்தின் பிரம்மாண்டத்தில் அவருடைய நடிப்பை நாம் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதைவிட முக்கியமானது அவருடைய தொழில் துணிவு. தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) அந்நிறுவனத்தின் தயாரிப்பே. நடிகைகளின் வருமானம் பிறர் கையில் கரைந்துபோன காலத்தில், தியாகராய நகரில் தம் பெயரிலேயே திரையரங்கும் கட்டினார். 1999இல் மறைந்த அவரைப் பற்றித் தங்கள் திரைப்பக்கத்தில் இந்தக் கோணத்தில் ஒரு விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்