இரண்டு ஆட்சியர்களுக்கும் ஒரே மடல்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

செட்டிநாடு உங்கள் இருவர் கையிலும் பிரிந்து கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஒரு பக்கம்; ராயவரம், கடியாபட்டி, அரிமளம் இன்னொரு பக்கம். நகை எடுக்கவும் பல் பிடுங்கவும் காரைக்குடிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மாவட்ட எல்லையைப் பார்த்தா ஏறுகிறார்கள்? அதனால்தான் காரைக்குடிப் போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஒரே மடலாக எழுதுகிறேன்.

போன வைகாசியில், முகூர்த்த நாளன்று, காரைக்குடி செக்காலை ரோட்டில் முக்கால் மணி நேரம் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் சுற்றி நின்ற வண்டிகளைப் பார்த்தேன். கல்யாண வேன், ஜல்லி லாரி, பிள்ளையார்பட்டிக்கு வழி கேட்கும் வெளியூர் கார், காலேஜ் பஸ். இவற்றில் பாதிக்கு ஊருக்குள் வேலையே இருந்திருக்காது என்று தோன்றியது. அதாவது, காரைக்குடி நெரிசல் காரைக்குடியில் மட்டும் உற்பத்தியாவதில்லை.

ரோட்டை அகலப்படுத்தலாம் என்பார்கள். எங்கே? எங்கள் பழைய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எந்தப் பக்கம் இடித்தாலும் வீடு போச்சு. அப்படியே அகலப்படுத்தினாலும், இடம் கிடைத்ததென்று இன்னும் நாலு வண்டி வரும்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். திருமயம், திருப்பத்தூர், தேவகோட்டை, அறந்தாங்கி ரோடுகளில் வண்டிகளை நிறுத்தி, எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கட்டும். ஒரு சாதாரண நாள், ஒரு முகூர்த்த நாள் போதும். கடந்து போகிறவை எத்தனை, ஊருக்குள் வருகிறவை எத்தனை என்று தெரிந்துவிடும். முதல் வகைக்குப் புறவழி. இரண்டாம் வகைக்குப் பஸ்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடை வேலை முடித்துக் கிளம்பும் பெண்ணுக்கு ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டதென்றால், அடுத்த மாதம் தவணையில் ஸ்கூட்டி வாங்குவார். அதுவும் நெரிசலில் சேரும். செட்டிநாடு ஸ்டேஷனில் ரயில் நிற்கும் நேரத்துக்கு மினி பஸ் ஒத்து வந்தால் எத்தனை கார்கள் குறையும்!

சென்னைக்கு 2010-லேயே ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். காரைக்குடி 2024-இல்தான் மாநகராட்சியானது; எங்களுக்கு அவ்வளவு பெரிய குடை வேண்டாம். நீங்கள் இருவரும், பஸ், ரயில், நெடுஞ்சாலை, நகர் ஊரமைப்பு ஆட்களும் மாதம் ஒரு முறை ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

முதல் கூட்டத்தை முகூர்த்த நாளாகப் பார்த்துக் காரைக்குடியில் வையுங்கள். தயவுசெய்து பஸ்ஸில் வாருங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி முத்துப்பட்டணத்துவாசி ஒருவர்