வால் கிளம்பிவிட்டது, கைகொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பெர்த்தில் இருக்கும் என் அண்ணன் செனித் சிஎச் 750 ஸ்டோல் என்ற குட்டி விமானத்தைக் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக வாங்கித் தன் ஷெட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் உட்காரலாம். அதன் சுக்கான், வாலின் கிடை இறக்கை, அதற்குப் பின்னால் ஏறி இறங்கும் எலிவேட்டர், இந்த மூன்றும் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு நடு அறையில் உருவானவை. போன வாரம் பெட்டிக்குள் போய்க் கப்பலும் ஏறியாச்சு.

"ஒரு நாள் வந்து தகரம் பிடித்ததுக்கெல்லாம் நன்றியா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு விமானத்தை வீட்டில் கட்டியது என்று பதிய வேண்டுமானால், வேலையில் பெரும்பங்கைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும், காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்த வேலை அந்தக் கணக்கில் சேராது. அதனால் டீயும் வடையும் மட்டும் வாங்கிக்கொண்டு நீங்கள் தகட்டில் போட்ட ஒவ்வொரு துளையும் அண்ணன் பக்கம்தான் கணக்கு. யார் எந்த விலாவுக்கு (தகட்டுக்கு உள்ளே நிற்கும் சட்டம்) ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்தீர்கள் என்று படத்தோடு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சோதிக்க வருபவர் உங்கள் முகத்தையெல்லாம் பார்க்கத்தான் போகிறார். பெயர் போட்டால் சிலருக்குப் பிடிக்காது என்பதால் இங்கே யார் பெயரும் இல்லை.

முதல் நன்றி, விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் புளோக் அங்கிளுக்கு. ரிவெட் அடிப்பதுதான் பெரிய வேலை என்று நான் நினைத்திருக்க, அங்கிள் ரிவெட் கன்னைத் தொடவே விடவில்லை. ஓட்டை போட்டதும் அதன் விளிம்பில் நிற்கும் பிசிறை, பெரிய ட்ரில் பிட்டைக் கையாலேயே லேசாகத் திருகி எடுக்க வேண்டும், அப்புறம் தகட்டின் ஓரம் முழுக்க அரம் போட வேண்டும். முடிந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து ஓரத்தில் இழுத்துக் காட்டுவார். ஒரு இழை மாட்டினாலும் திரும்ப அரம். பறக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து, விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் கிளம்புமாம். அந்தப் பஞ்சைப் பார்த்தாலே இப்போதும் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி, வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளை எங்களுக்குக் கொடுத்தவர். கிடை இறக்கையின் முன்மூக்கில் தகட்டை வளைத்து விலாக்களோடு ஒட்டி நிற்கவைப்பது எங்களுக்கு வசப்படவே இல்லை, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். தம்பி வந்து பார்த்தார், லாரியில் சரக்கு கட்டும் பட்டை இருக்கா என்று கேட்டார், சுற்றிப் போட்டு ராட்செட்டை ஒவ்வொரு பல்லாக இறுக்கினார், தகடு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. உடனே, ரிவெட் அடிக்கும்வரை தகட்டைப் பிடித்து வைக்கும் கிளிக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பானை ஓட்டைக்கு ஒன்றாக மாட்டிவிட்டோம். அந்த இறக்கையின் வளைவு கீழ்ப்பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு "தலைகீழா வச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டவரும் அவர்தான். நல்ல கேள்வி தம்பி, வாலைக் கீழே அழுத்துவதுதான் அதன் வேலை, அதனால் வடிவமைத்த கிறிஸ் ஹைன்ட்ஸ் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு. இந்த கிட்டில் சுத்தியல் வேலை கிடையாது, ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து அடைக்கும் ரிவெட்தான், தண்டு ஒடியும்போது டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் ட்ரில் ட்ரில்தானே. சத்தம் என்று ஒரு நாளும் வந்து கதவைத் தட்டவில்லை, தட்டிய ஒரே நாளில் கையில் ஆரஞ்சுப் பை இருந்தது. எதிர்வீட்டுப் பாச்சிக் (மலாய் அங்கிள்) லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "கப்பால் தெர்பாங் சுடா சியாப்?" (விமானம் ரெடியா?) என்று கேட்டுக் கேட்டே வேலையை முடிக்கவைத்தார். கிடை இறக்கை லிஃப்டுக்குள் நிமிர்த்தினாலும் சாய்த்தாலும் அடங்காதபோது தன் இரண்டு பையன்களையும் எழுப்பி வந்து படிக்கட்டு வழியாக, ஒவ்வொரு திருப்பத்திலும் "ப்லான், ப்லான்" (மெதுவா, மெதுவா) என்று சொல்லிக்கொண்டே இறக்கியதும் அவர்தான்.

சுங்கை காடுட் மரப் பட்டறை அண்ணனுக்கும் பெரிய நன்றி. ஆஸ்திரேலியாவுக்குள் சும்மா ஒரு மரப்பெட்டியில் எதையும் அனுப்ப முடியாது, பூச்சி போகச் சூடேற்றியோ மருந்துப் புகை போட்டோ முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் கேட்ட ஒரு கம்பெனி சொன்ன விலையைக் கேட்டதும் வாலை வீட்டிலேயே அலமாரியாக மாட்டிவிடலாமா என்று தோன்றியது. பட்டறை அண்ணன் முத்திரை குத்திய மிச்ச மரத்தில் பெட்டி அடித்துக்கொடுத்தார், மரக்காசு மட்டும் போதும் என்றுவிட்டார்.

அம்மா, உங்களுக்கு என்ன சொல்வது. பெருக்கப் பெருக்க அலுமினியச் சீவல், மிக்ஸி மேலேகூட ரிவெட் தண்டு. மன்னிச்சிடுங்க.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் அண்ணன் படம் அனுப்புவார், பகிர்கிறேன். பெர்த் பக்கம் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள், ஷெட்டில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. அப்புறம், நீல டப்பாவில் ஒரு ட்ரில் பிட் செட் எங்கள் வீட்டில் கிடக்கிறது, அங்கிளும் தன்னுடையது இல்லை என்கிறார், தம்பியும் இல்லை என்கிறார். யாருடையதோ அவர் ஞாயிறு மதியம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பிரியாணி இருக்கும்.