தூக்குப் பாலத்துக்கு மின்சாரம் கீல் வழியாகப் போகக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டு அறைக்குள் மாதிரி ரயில் அமைப்பது பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பிள்ளைகள் கையால் ஒன்றைச் செய்து, அது ஓடுவதைக் கண்ணால் பார்க்க வழிகாட்டும் கட்டுரைகள் தமிழில் அரிதாகவே வருகின்றன. ஆனால் அதில் ஒரு வரியை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அறையின் நான்கு சுவர்களையும் ஒட்டிப் பலகை அடித்துச் சுற்றிவரத் தண்டவாளம் போட்டால், கதவுக்கு நேரே உள்ள துண்டு மட்டும் தூக்கவோ கழற்றவோ கூடியதாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பலகைக்கு அடியில் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். இந்த அசையும் துண்டுக்கு, அதாவது தூக்குப் பாலத்துக்கு, தனி வயர் தேவையில்லை, கீல் வழியாகவும் தண்டவாளங்களைக் கோக்கும் சிறு தகடுகள் வழியாகவும் மின்சாரம் தானாகவே கடந்துவிடும் என்ற பொருள்படக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் மதுரைக் கோட்டத்தில் சிக்னல் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் மாடி அறையில் ஹெச்.ஓ. அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர் உள்ள ஓர் அமைப்பைக் கட்டி வருகிறேன். கட்டுரையில் சொன்ன முறையில்தான் நானும் முதலில் பாலத்தை அமைத்தேன். அதனால் பட்ட இரண்டு பாடங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கீலின் குணம். இரண்டு பித்தளைக் கீல்களைப் பூட்டி, ஆளுக்கொரு தண்டவாளத்தை அவற்றோடு பற்றவைத்திருந்தேன். சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும், எஞ்சின் பாலத்தின் மேல் ஏறும்போதெல்லாம் திணறியது, முன்விளக்கு மங்கியது. மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டியது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், மோசமான தொடர்பு கூட அதன் கண்ணுக்கு நல்ல தொடர்பாகவே தெரியும். எனவே பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே கொடுத்து மறுபடியும் அளந்தேன். மீட்டர் 8 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. கீலைக் கழற்றிப் பார்த்தால், ஊசியைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கரிய படலமாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. கீல் சுழல வேண்டுமானால் ஊசிக்கும் குழலுக்கும் இடையே தளர்வு இருந்தாக வேண்டும், மின்தொடர்புக்கோ இறுக்கம் இருந்தாக வேண்டும். ஒரே பொருளிடம் இரண்டையும் கேட்க முடியாது.

இணைப்புத் தகடுகளின் நிலையும் இதுதான். பாலத்தைத் திறந்து மூடும்போதெல்லாம் உராய்ந்து அவை வாய் விரிந்துவிடும். அசல் ரயில்வேயிலேயே டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு ரயில் இருப்பதைக் கண்டறியும் ஏற்பாடு) உள்ள தடத்தில், தண்டவாள மூட்டுகளைக் கோக்கும் ஃபிஷ்பிளேட்டை நம்பி மின்சாரத்தை விடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் இரு தண்டவாளங்களையும் பாண்டு வயரால் தனியாக இணைக்கிறோம். நாலு போல்ட் போட்டு முறுக்கிய இரும்புத் தகட்டுக்கே அந்த நிலை என்றால், விரல் நுனியால் செருகும் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பாலத்தின் தண்டவாளங்களுக்கு அடிப்பலகையில் ஓடும் முதன்மை வயரிலிருந்து நேராகத் தனி வயர் கொடுக்க வேண்டும். கீல் வைத்த பாலமானால் அந்த வயர் ஒற்றைக் கம்பியாக இருக்கவே கூடாது. மடங்கி மடங்கி அது உறைக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெல்லிய இழைகள் பல சேர்ந்த, சிலிக்கான் உறை போட்ட வயரை வாங்கிக் கீலின் இரு பக்கமும் கிளிப் அடித்து, நடுவில் ஒரு தளர்ந்த வளையம் விட்டால், மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் நீளம் முழுக்கப் பரவும். முதன்மை வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், அதிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் கிளை வயருக்கு 0.5 சதுர மில்லிமீட்டரும் வீட்டளவு அமைப்புக்குப் போதுமானவை.

இரண்டாவது பாடம் இதைவிடப் பெரியது. சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் ஏழு வயதுப் பேரன், நான் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பது தெரியாமல், உள்ளே வருவதற்காகப் பாலத்தைத் தூக்கினான். எதிர்ச்சுவரிலிருந்து சரக்கு ரயிலை இழுத்துக்கொண்டு வந்த டபிள்யூ.டி.எம்.2 என்னும் டீசல் எஞ்சினின் மாதிரி திறந்த இடைவெளிக்குள் போய், நாலடி உயரத்திலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. முன் போகி, அதாவது முன்பக்கச் சக்கரத் தொகுதி, பெயர்ந்து போனது. குழந்தை அழுத அழுகையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பாலம் திறந்திருக்கும்போதும் ரயில் பாலத்தை நோக்கி ஓடும்படி வயரிங் செய்த நான்தான் பொறுப்பு.

அசல் ரயில்வேயில் இதற்கு இடமே கொடுப்பதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரட்டை இலைத் தூக்கு வாராவதியானாலும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளச் செங்குத்துத் தூக்கு வாராவதியானாலும், வாராவதி கீழே இறங்கி, அமர்ந்து, பூட்டப்பட்டால் ஒழிய ரயிலுக்கு சிக்னல் விழாதபடி இன்டர்லாக்கிங் செய்யப்பட்டிருக்கும். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலும் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும்படி இருந்தது. டிரைவரின் கண்ணையும் நினைவையும் மட்டும் நம்பி இருந்த காலமும் உண்டு. 1853-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நார்வாக் என்னும் ஊரில், கப்பலுக்காகத் திறந்திருந்த பாலத்துக்குள் பயணிகள் ரயில் பாய்ந்து 46 பேர் இறந்த பிறகு, திறக்கும் பாலங்களின் முன் எல்லா ரயில்களும் முழுதாக நின்றுதான் போக வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அத்தகைய இழப்புகளுக்குப் பிறகு வந்த ஏற்பாட்டைத்தான் மேசை மேல் ஓடும் ரயிலுக்கும் கொடுக்கச் சொல்கிறேன். செலவு நூறு ரூபாய்க்கு உள்ளேதான் ஆகும்.

செய்ய வேண்டியது இதுதான். பாலத்தின் இரு கரையிலும் தண்டவாளத்தைச் சற்றுத் தள்ளி வெட்டி, அந்த நீளத்தை ஒரு தனிப் பகுதியாக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு மின்சாரம் பாலத்தைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கழற்றி எடுக்கும் பாலமானால், நாலு முனை உள்ள ஒரு பிளக் போதும். இரண்டு முனைகள் பாலத்தின் தண்டவாளங்களுக்குப் போகட்டும். மற்ற இரண்டையும் பாலத்தின் பக்கத்தில் ஒரு துண்டு வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். முதன்மை வயரின் ஒரு முனை சாக்கெட்டின் மூன்றாம் முனைக்கு வந்து, பிளக்குக்குள் உள்ள அந்தத் துண்டு வழியாக நாலாம் முனைக்குத் திரும்பி, அங்கிருந்து இரு கரைகளிலும் வெட்டிய தண்டவாளத்துக்குப் போகும். பிளக்கைப் பிடுங்கினால்தான் பாலத்தைத் தூக்க முடியும், பிடுங்கிய கணமே இரு கரைகளும் மின்சாரம் அற்றுப் போகும். வயர் எங்காவது அறுந்தாலும் ரயில் நிற்கும் பக்கமாகவே கோளாறு சாயும். 1872-இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் தொடங்கி, சிக்னல் துறை முழுவதும் இந்த ஒரு கொள்கையின் மேல்தான் நிற்கிறது.

கீல் வைத்த பாலத்துக்கு, பிளக்குக்குப் பதிலாக, லேசாக அழுத்தினாலே தொடர்பு கொடுக்கும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் பொருத்தலாம். அதைக் கீல் உள்ள பக்கம் வைக்காமல், பாலம் வந்து அமரும் திறந்த முனையில் வைக்க வேண்டும். அசல் ரயில்வேயில், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டின் மோட்டார் சுழன்றுவிட்டது என்பதை வைத்துப் பாயிண்ட் பொருந்திவிட்டது என்று நாங்கள் ஏற்பதில்லை. அதில் அசையும் நாக்குத் தண்டவாளத்தின் நுனியிலேயே கண்டறிகிறோம், அதற்கும் அது ஒட்டி அமரும் தண்டவாளத்துக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் தகட்டை வைத்துச் சோதிக்கிறோம். தகடு இருக்கும்போது சிக்னல் விழக் கூடாது. வீட்டில் இதே சோதனையைக் கல்யாணப் பத்திரிகை அட்டையை நாலாக மடித்துச் செய்யலாம். அதைப் பாலத்தின் நுனிக்கு அடியில் வைத்து மூடினால் ஸ்விட்ச் தொடர்பு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஸ்விட்சைச் சற்றுக் கீழே இறக்கிப் பூட்ட வேண்டும்.

வெட்டும் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. எஞ்சினின் முன் போகியும் பின் போகியும் மின்சாரத்தை எடுத்து உள்ளே ஒன்றாகச் சேர்ப்பதால், பின் சக்கரம் மின்சாரம் உள்ள தண்டவாளத்தில் இருக்கும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டபிள்யூ.டி.எம்.2 மாதிரி 20 சென்டிமீட்டர் நீளம் வரும், இரண்டு எஞ்சின் சேர்த்து ஓட்டினால் 40. அசலில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் நொடிக்கு 19 சென்டிமீட்டர். மின்சாரம் நின்ற பின்னும் உள்ளே சுழலும் எடைச்சக்கரம் எஞ்சினைக் கொஞ்ச தூரம் தள்ளும். ஆகவே கரைக்கு 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட வேண்டும். எனக்கு 80 சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது. டி.சி.சி. முறையில், அதாவது டிஜிட்டல் கட்டளைகளால், ஓடும் எஞ்சின்களில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலும் ஓடச் செய்யும் மின்தேக்கியைச் சிலர் பொருத்துகிறார்கள். அப்படிப்பட்ட எஞ்சின் இந்த 80 சென்டிமீட்டரையும் கடந்து போய்விடக் கூடும். அவர்கள் பாலம் உயர்ந்தவுடன் தண்டவாளத்தின் குறுக்கே தானே விழும் ஒரு சிறு மரத் தடையையும் சேர்த்தே ஆக வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு செய்திகள். கழற்றும் பாலத்தைத் திருப்பிப் போட்டால் இடது தண்டவாளம் வலதாகி, எஞ்சினின் சக்கரம் கரைக்கும் பாலத்துக்கும் இடையில் ஏறியதும் ஷார்ட் ஆகும். ஆகவே ஒரே திசையில்தான் நுழையும் பிளக்கை வாங்க வேண்டும். தண்டவாளத்தை வெட்டிய இடத்தில் பழைய ஏ.டி.எம். கார்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி அரால்டைட்டால் ஒட்டி, தண்டவாள உருவுக்கு அரத்தால் ராவிவிட வேண்டும். கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், வெட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இதை விட்டுவிட்டால் சித்திரை வெயிலில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொள்ளும்; மின்சாரம் இல்லை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மின்சாரம் வந்துவிடும்.

என் அமைப்பில் உள்ள வயரிங்கை ஒரு தாளில் வரைந்து இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். முதன்மை வயர் சிவப்பிலும், பாலத்தைத் தொட்டுத் திரும்பும் வயர் பச்சையிலும் உள்ளது. காலாண்டு விடுமுறையில் பல வீடுகளில் பிள்ளைகள் கட்டுரையைப் பார்த்து வேலையைத் தொடங்குவார்கள். அதற்கு முன்பாக, கீல் பற்றிய அந்த வரிக்கான திருத்தத்தோடு இந்தப் படத்தையும் ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிக்னல் பராமரிப்பாளர்,
மதுரை