டோக்கன் கிழிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையாகக் கடலூரிலிருந்து புதுச்சேரி போயிருந்தேன். கத்திரி வெயில். மதியம் சாப்பிடப் போன ஓட்டலின் பார்க்கிங்கில் நின்ற ஒரு காரின் பின்பக்கக் கண்ணாடி முழுக்க எச்சில் தீற்றியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு பக் நாய். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி விட்டிருந்தார்கள். அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சிரைத்தது. நாக்கு கருஞ்சிவப்பாகி இருந்தது, வாயோரத்தில் எச்சில் பசை மாதிரி தொங்கியது. கண்ணாடியைத் தட்டினேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செக்யூரிட்டி உள்ளே ஓடி வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். கழுவாத கையோடு ஒருவர் ஓடி வந்தார். "இப்பதான் சார் உள்ள போனோம், அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. ஏசி போட்டு வந்த வண்டி" என்றார். முன் கண்ணாடியில் செருகியிருந்த பார்க்கிங் டோக்கனில் 12.35 என்று எழுதியிருந்தது. அப்போது மணி 1.10.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தனியாக விட்டு வர மனமில்லாமல்தான் பெங்களூரிலிருந்து கூடவே கூட்டி வந்திருக்கிறார். ஓட்டலுக்குள் நாயை விடமாட்டார்கள். சரி, சாப்பிட்டுவிட்டு உடனே வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நம்மில் பலர் அப்படித்தான் நினைப்போம்.

ஆனால் காரின் கணக்கு வேறு. கண்ணாடி வழியாக வரும் வெயில் டாஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே பத்து நிமிடத்தில் 45-ஐத் தொட்டுவிடும், அரை மணியில் 50-ஐத் தாண்டும். ஏசியின் குளிர்ச்சி சில நிமிடங்கள்கூட நிற்காது. கண்ணாடியை லேசாக இறக்கி விடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை. மர நிழலை நம்பவும் முடியாது. பன்னிரண்டு மணிக்கு இருக்கும் வேப்பமர நிழல் ஒரு மணிக்கு நகர்ந்துவிடும்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, வாயின் ஈரத்தைக் காற்றில் உலர்த்தித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் அந்த ஈரம் சீக்கிரம் உலராது. மூடிய காருக்குள் கேட்கவே வேண்டாம். நாயின் சாதாரண உடல் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களும், குளிர்ந்த ஊரில் வளர்ந்துவிட்டு இங்கே வருபவையும் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும்.

அன்று நாயைத் தூக்கி வந்து நிழலில் கிடத்தினோம். செக்யூரிட்டி குழாயில் பிடித்து வந்த தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றினார். நான் ஒரு அட்டையால் விசிறினேன். ஈரத் துண்டால் சுற்றி மூடக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதோடு விட்டுவிடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் அனுப்பினோம். எழுந்து நின்றாலும் சில மணி நேரம் கழித்துச் சிறுநீரகம் கெடலாம், ரத்தம் உறைவதில் கோளாறு வரலாம். சாயங்காலம் காரின் சொந்தக்காரர் போன் செய்தார். டிரிப் ஏற்றியிருக்கிறார்களாம், தண்ணீர் குடித்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்த ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக்குக்கூட அந்தப் பணம் காணாது. அதனால் நான் சட்டத்தை நம்பி எழுதவில்லை, டோக்கன் கிழிப்பவர்களை நம்பி எழுதுகிறேன்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், எங்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும், ஓட்டல், ஜவுளிக்கடை வாசல்களிலும் ஒவ்வொரு காரையும் யாரோ ஒருவர் குனிந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். அப்போதே "உள்ளே நாய் இருக்கா?" என்று கேட்கட்டும். இருந்தால், ஒருவர் நாயோடு வெளியே நிழலில் நிற்பதாகச் சொன்ன பிறகு டோக்கன் கொடுக்கட்டும். ஓட்டல் முதலாளிகள் வாசலில் நிழலாக ஒரு பெஞ்சும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தால் போதும், வருகிறவர்கள் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். கோடை விடுமுறைக் கூட்டம் இன்னும் சில வாரங்களுக்கு இருக்கும். இந்த சனி, ஞாயிறிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.