பட்டியலால் நின்றுபோக இருந்த பயணம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரும் மூன்று நாள் மலை முகாமை முடித்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். சிராய்ப்புகள் உண்டு. அவற்றைச் சட்டையை மடித்துக் காட்டிப் பெருமை பேசுகிறார்கள்.

முகாம் நடத்துபவர்கள் கட்டணமே வேண்டாம் என்று சொன்ன அன்று, பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் 'கொண்டுவர வேண்டியவை' பட்டியல் வந்தது. கணுக்காலை மூடும் காலணி, மழைக்கோட்டு, டார்ச், ஸ்லீப்பிங் பேக், முதுகுப் பை. அதை வகுப்பில் வாசித்த மறுநாள் ஏழு பேர் வந்து, "எனக்கு வர இஷ்டமில்லை சார்" என்றார்கள். 'இல்லை' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, 'இஷ்டமில்லை' என்றே சொன்னார்கள். இத்தனை வருடம் வாத்தியாராக இருந்தும், அதன் பொருள் எனக்கு விளங்க இரண்டு நாள் ஆனது.

அதனால் காலணி கொடுத்தவர்களுக்குத்தான் முதல் நன்றி. அளவு கேட்டு, கழுவிக் காயவைத்து, லேஸ் மாற்றிக் கொடுத்தீர்கள். பழகாத காலணி மலையில் காலைக் கடித்துவிடும் என்று இரண்டு வாரம் முன்பே கைக்கு வரும்படி பார்த்துக்கொண்டீர்கள். பொருட்களை எல்லாம் ஓர் அறையில் குவித்துவிட்டு, சொந்தமாக வைத்திருப்பவர்கள் உட்பட எல்லோரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று உங்களில் ஒருவர்தான் யோசனை சொன்னார். யார் வீட்டில் எது இல்லை என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. கொடுக்கும்போது போட்டோ வேண்டாம் என்று நீங்களே சொன்னதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

பெண் பிள்ளைகளை இரவு தங்க அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு மாலை நேரங்களில் ஏறி இறங்கியவர் ஒரு மாணவியின் அம்மா. "நானும் கூட வருகிறேன்" என்று அவர் சொன்ன பிறகே கையெழுத்துகள் வந்தன. அக்கா, நான் கொடுத்துவிட்ட சுற்றறிக்கையால் அது முடிந்திருக்காது.

பாறையேற்றம் கற்றுத் தந்தவர்களே, உங்களைப் பற்றி எழுதத்தான் நிறைய இருக்கிறது. நீங்கள் எடுத்த எடுப்பில் ஏறச் சொல்லவில்லை, தொங்கச் சொன்னீர்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து, அது தாங்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகே மேலே அனுப்பினீர்கள். '8' வடிவில் போடும் கயிற்று முடிச்சு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் எல்லாவற்றையும் ஏறுகிறவரும் கயிறு பிடிக்கிறவரும் ஒருவருக்கொருவர் சரிபார்க்க வேண்டும் என்றீர்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், உங்கள் முடிச்சை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது சரியில்லை, அவிழ்த்துப் போடுங்க" என்றான். நீங்களும் மறுபேச்சில்லாமல் அவிழ்த்துப் போட்டீர்கள். வேண்டுமென்றே தப்பாகப் போட்டீர்களா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

பாதிப் பாறையில் நின்றுவிட்ட மாணவியிடம், "இறங்குகிறாயா, இன்னும் ஒரு பிடி பார்க்கிறாயா?" என்று மட்டும் கேட்டீர்கள். அவள் இறங்கினாள். கீழேயிருந்து யாரையும் கூச்சல் போட்டு உற்சாகப்படுத்த நீங்கள் விடவில்லை. மறுநாள் காலை அவளாகவே வந்து நின்று, மூன்று பிடி கூடுதலாக ஏறிவிட்டு இறங்கினாள். உச்சியைத் தொடவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

அதே முகாமுக்கு வந்திருந்த வசதியான பள்ளிப் பிள்ளைகளோடு எங்களவர்களைக் கலந்து குழு பிரித்தபோது எனக்குக் கொஞ்சம் உதறல்தான். 1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலும் பெரிய பள்ளிகளில் படித்த பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் கலந்துதான் குழு பிரித்தார்கள் என்று சொல்லித் தேற்றினீர்கள். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. கூடாரம் அடிக்கும்போது யார் எந்தப் பள்ளி என்று எனக்கே குழம்பிவிட்டது.

கூடாரம் என்றதும் இதையும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளமான இடம் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் ஒன்றை அடிக்க வைத்தவன் நான்தான். இரண்டாம் இரவு மழையில் நனைந்த நான்கு பேருக்கு வண்டியைத் திறந்துவிட்டு, தன் போர்வையையும் கொடுத்துவிட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றியோடு மன்னிப்பும்.

பொருட்களைத் துடைத்துக் காயவைத்துவிட்டோம், இந்த வாரம் திருப்பி அனுப்புகிறோம். காலணிகளில் மட்டும் இரண்டு ஜோடி குறையும். அவற்றைப் போட்டுக்கொண்டுதான் இரண்டு பேர் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள். திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
எட்டாம் வகுப்பு ஆசிரியர்