துளிர் மஞ்சளானா யூரியா போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நெல்லு, நிலக்கடலைக்கு நோய் வந்தா என்ன மருந்து அடிக்கணும்னு உங்க பேப்பர்ல போடுறீங்க, ரொம்ப நல்லது, ஆனா வீட்டு வாசல்ல நாலு பூச்செடி வெச்சிகினு இருக்கற எங்களுக்கு ஒரு வரி கூட வர மாட்டேங்குது, அதனாலதான் இத எழுதுறேன்.

எங்க வீடு சத்துவாச்சாரியில. காம்பவுண்டு சுவர் ஓரமா ஒரு இட்லிப்பூச் செடி, எங்க அத்தை கையால நட்டது, வருஷா வருஷம் கொத்துக் கொத்தா செவப்பா பூக்கும். (அந்தக் காலத்துல போருக்குப் போறவங்க சூடுன வெட்சிப்பூ இதுதான்னு சொல்வாங்க.) போன பங்குனியில துளிர் எல்லாம் மஞ்சளா வர ஆரம்பிச்சுது. செடி விக்கிற கடையில கேட்டா "வெயிலுமா, தண்ணி பத்தல, ஒரு கை யூரியா போட்டு நல்லா ஊத்துங்க"ன்னாங்க. நானும் அப்படியே போட்டு ரெண்டு வேளையும் போர் தண்ணிய குடம் குடமா ஊத்துனேன், கத்திரி வெயில் முடியறதுக்குள்ள நுனி எல்லாம் கருகி பாதிச் செடி போயிடுச்சி. அத்தை பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் எனக்கு தாங்கல.

அப்புறம் தோட்டக்கலை படிச்ச எங்க சொந்தக்காரப் பையன் வந்தான். ஒரு இலையக் கிள்ளி வெயிலுக்கு நேரா தூக்கிக் காட்டுனான், இலை முழுக்க எலுமிச்சம்பழ மஞ்சள், நரம்பு மட்டும் வலை பின்னுன மாதிரி பச்சை. தழைச்சத்து (யூரியாவுல இருக்கற சத்து) பத்தலன்னா மொதல்ல அடி இலைதான் மஞ்சளாகும், துளிர் இப்படி ஆனா அது இரும்புச்சத்து குறைன்னான். வேர்கிட்ட சுரண்டுனா மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்து கெடக்கு, நம்ம பக்கெட் அடியில படியுமே அதே வெள்ளைதான். நம்ம ஊரு போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, அதுவும் இல்லாம சிமெண்ட் சுவர்ல இருந்து வேற இறங்குது, மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால இழுக்க முடியாதாம். இதுல யூரியாவும் சேர்ந்தா வேர் வெந்து போகாம என்ன ஆகும்?

மேல இருந்த உப்பு மண்ண எடுத்துட்டு மக்குன எரு போட்டோம், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), கூட கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலமா இலை மேல அடிச்சோம், ஏசியில சொட்டுற தண்ணிய பக்கெட்ல பிடிச்சி ஊத்துறேன், அதுல உப்பே கிடையாது. மீதி பாதிச் செடி இப்போ பச்சையா துளிர் விட்டிருக்கு. ரோஸ், செம்பருத்தி வெச்சிருக்கவங்களும் துளிரப் பாருங்க, அதுங்களுக்கும் இது வரும். அரளி மட்டும் எந்தத் தண்ணியையும் தாங்கிக்கும்.

2003லயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, ஐப்பசி கார்த்திகை மழைய ஒரு டிரம்ல பிடிச்சி மூடி வெச்சா தொட்டிச் செடிக்கு எத்தனையோ நாளைக்கு வரும், யாரு செய்யறோம்?

விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டு வாரம் ஒரு தடவை வீட்டுச் செடிக்குன்னு கால் பக்கமாவது ஒதுக்குங்க ஐயா. செடி விக்கிறவங்களும் யூரியா போடச் சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்ல என்ன தண்ணின்னு ஒரு கேள்வி கேக்கணும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாசகி, வேலூர்