கட்டிலுக்கு அடியில் 28 பாட்டில்

அல்சூர், பெங்களூரு
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

நான்கு மாதமாக எழுதாததற்குக் காரணம் சொல்லத் தொடங்கினால் வார்டன் குடை கதையாக நீளும். விட்டுவிடு. மூட்டுவலி தேவலையா? ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று வசந்தியிடம் சொல்.

என்னை எழுத வைத்தது ஒரு வெடிச்சத்தம். செவ்வாய் இரவு இரண்டு மணி. கேஸ் சிலிண்டர்தான் என்று மீனா அலறிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டாள். வெடித்தது பீர் பாட்டில். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அக்கா மகன் ரகு, டிசம்பரில் என் சமையலறையில் காய்ச்சியது. அங்கே 1978இலேயே சட்டத்தைத் திருத்தி, பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ள விட்டுவிட்டார்கள். இங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். தெரிந்தும் மருமகனுக்கு அண்டாவை எடுத்துக் கொடுத்தேன். படித்ததும் கிழித்துப் போடு.

முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தான். வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. வடிகட்டிய சாற்றில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டான். அந்தக் கசப்பு வேப்பம்பூ ரசத்துக்குப் பங்காளி. ஆறியதும் ஈஸ்ட். தப்பு அதற்குப் பிறகுதான். இந்த ஊர் டிசம்பரில் இட்லி மாவே பொங்க அடம்பிடிக்கும். ஈஸ்ட் மட்டும் அவசரப்படுமா? சாற்றின் சர்க்கரை தீர்வதற்குள், நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்துவிட்டான். பிப்ரவரி வெயிலில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சத்தையும் தின்று வாயுவைக் கக்கியது. அப்புறம் பாட்டில் எப்படித் தாங்கும்?

சுவைக்கு வருகிறேன். கடைப் பீர் ஒரு டம்ளர், ரகுவின் பீர் ஒரு டம்ளர். மீனா மறைத்துக் கொடுத்தாள், நான் கண்ணை மூடிக் குடித்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நான் கைகாட்டியது கடைப் பீரை! ரகுவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கடைப் பீரைத் தண்ணீர் என்று இருபது வருடமாகத் திட்டியவன் நான். ஆனால் லாகர் என்ற அந்த மெல்லிய பீரைச் சுமார் 10 டிகிரி குளிரில் நொதிக்கவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, வடிகட்டி, எல்லாப் பாட்டிலிலும் ஒரே மாதிரி கொண்டுவருவது லேசான வேலையில்லை. ஒரு சின்னக் குறை இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். மசாலாவைக் கொட்டினால் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், ரசம் வைக்கத்தான் கை வேண்டும் என்று உன் அம்மா சொல்வாரே, அதுதான். ரகுவின் பீர் கலங்கல். அடியில் ஈஸ்ட் வண்டல். ஒரு பாட்டில் ஆரஞ்சுத் தோல் மணக்கும், அடுத்தது கனிந்த வாழைப்பழம்.

ஆனாலும் அரை டம்ளர் போனதும் கடைப் பீர் அலுத்துவிட்டது. குளிர்ச்சி போனால் அதில் ஒன்றுமில்லை. ரகுவின் பீர் குளிர்ச்சி இறங்க இறங்கத்தான் வாய் திறந்து பேசியது. அதைத் தள்ளிவைக்க முடியவில்லை.

சேது, சொல்ல வந்தது அதைத்தான். மொத்தம் 28 பாட்டில், ஒவ்வொன்றும் 650 மில்லி. ஒன்பது நாளில் பதினொன்று காலி. ரகு குடித்தது மூன்று. முன்பு சனிக்கிழமை ஒரு பாட்டில்தான். அதற்கும் சட்டையை மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை நடந்து, எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று நோட்டம் விட்டு, காசை எண்ணிக் கொடுக்க வேண்டும். பாதி நாள் சோம்பலிலேயே போகாமல் இருந்துவிடுவேன். இப்போது கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினால் போதும். நானே காய்ச்சியது போல ஒரு பெருமை வேறு. அப்பாவை உனக்குத் தெரியும். எட்டு என்று எண்ணி முடித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. மீனா எண்ணினாளா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

புதன்கிழமை காலை கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்து பதினான்கு பாட்டிலைத் தொட்டியில் கொட்டினேன். நுரை ஜன்னல் வரை அடித்தது. இரண்டு மட்டும் ஃபிரிட்ஜில் நிற்கின்றன. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. டாக்டர் சம்மதித்தால்தான் உன் பங்கு.

மே மாதம் மறுபடி காய்ச்சலாமா என்று ரகு கேட்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ சிவராத்திரி முடிந்ததும் வருகிறேன் என்றாயே, வருகிறாயா? ஊறுகாயை மறந்துவிடாதே.

உன்,
பாலு